ஒரு பாட்டில் சேற்றில் ஆக்சிஜனில்லா உலகம்: வினோகிராட்ஸ்கி தூண் செய்முறை

உட்கரு இல்லாத உயிரணுக்களை, அதாவது புரோகேரியோட்டுகளை, புத்தகத்தில் படித்தால் பெயர்ப் பட்டியலாகத்தான் மனத்தில் நிற்கும். அவற்றில் எது எதைத் தின்கிறது, ஒன்றின் கழிவு எப்படி இன்னொன்றுக்கு உணவாகிறது என்பதைக் கண்ணால் பார்க்க, ஒரு லிட்டர் பாட்டிலும் குளத்துச் சேறும் இரண்டு மாதப் பொறுமையும் போதும். 1880களில் கந்தக பாக்டீரியாக்களை ஆராய்ந்த செர்கெய் வினோகிராட்ஸ்கியின் பெயரால் இந்தச் சேற்றுத் தூணை அழைக்கிறார்கள்.

எல்லாம் சேற்றில்தான் இருக்கிறது. கரையோரம் நீருக்கு அடியில், சற்றுக் கறுத்து, லேசாக அழுகிய முட்டை வாடை வீசும் சேறே வேண்டும். வெறும் மணலில் எதுவும் நடக்காது. சுமார் 700 மில்லி சேறும், அதே குளத்து நீர் அரை லிட்டரும் எடுங்கள். கல், குச்சி, இலை ஆகியவற்றோடு புழுக்களையும் நத்தைகளையும் பொறுக்கி எறியுங்கள். அவை உள்ளே இருந்தால் சேற்றைக் கிளறிக் கொண்டே இருக்கும், அடுக்குகள் உருவாகாது. கையுறை அணிந்து வேலை செய்யுங்கள்.

இனி மூன்று பொருள்கள் வேண்டும். கரிமத்துக்கு, துண்டு துண்டாகக் கிழித்து ஊறவைத்த செய்தித்தாள் ஒரு தாள். சல்பேட்டுக்கு ஒரு மேசைக்கரண்டி ஜிப்சம் தூள். கார்பனேட்டுக்கு ஒரு மேசைக்கரண்டி முட்டை ஓட்டுத் தூள். கரும்பலகையில் எழுதும் சாக்கைப் பயன்படுத்துவதாக இருந்தால் முதலில் அதன்மேல் ஒரு சொட்டு வினிகர் விடுங்கள். நுரைத்தால் அது கார்பனேட்; நுரைக்காவிட்டால் பெரும்பாலும் ஜிப்சம். இரண்டையும் குழப்பிக்கொண்டு சல்பேட்டே இல்லாமல் தூணை நிரப்புவது அடிக்கடி நடக்கும் பிழை.

சேற்றில் மூன்றில் ஒரு பங்கை இந்த மூன்றோடும் கலந்து, கெட்டியான கூழ் பதத்துக்குக் கொண்டுவாருங்கள். நிறமற்ற, நேரான பக்கங்கள் கொண்ட பாட்டிலின் அடியில் அதைப் போட்டுத் தட்டி அமுக்குங்கள். மீதிச் சேற்றை எதுவும் கலக்காமல் அதன்மேல் நிரப்புங்கள். நீண்ட குச்சியால் குத்திக் காற்றுக் குமிழ்களை வெளியேற்றுங்கள். ஒரு குமிழ் தங்கினாலும் அந்த இடத்தில் ஆக்சிஜன் இருக்கும். மேலே 3 முதல் 4 செ.மீ. நீர் நிற்கட்டும், அதற்கு மேல் 2 செ.மீ. வெற்றிடம் விடுங்கள். நெகிழித் தாளால் மூடி, ரப்பர் வளையம் போட்டு, ஊசியால் சில துளைகள் இடுங்கள். மூடியை இறுகத் திருகக் கூடாது. உள்ளே வாயு உண்டாகும், பாட்டில் வெடிக்கலாம். நீர்மட்டத்தைப் பேனாவால் குறித்து வையுங்கள்.

வெளிச்சம் வரும் ஜன்னல் ஓரம் நல்ல இடம், நேர் வெயில் மட்டும் படக் கூடாது. வெயிலில் பாட்டில் சூடாகும், பாசி மட்டும் செழித்து மற்றவற்றை மறைத்துவிடும். விளக்கு வைப்பதானால் பழைய இழை பல்பு சிறந்தது. பின்னர் தூணில் தோன்றும் ஊதா பாக்டீரியாக்கள் அகச்சிவப்பு ஒளியைப் பெரிதும் பயன்படுத்துபவை. வெள்ளை எல்இடி விளக்கில் அது அநேகமாக இல்லை. வைத்த பிறகு பாட்டிலை அசைக்காதீர்கள்.

முதல் வாரம் கலங்கலும் குமிழும்தான். இரண்டாம், மூன்றாம் வாரங்களில் அடிப்பகுதி கறுக்கத் தொடங்கும். கிளாஸ்ட்ரிடியம் போன்ற பாக்டீரியாக்கள் காகிதத்தின் செல்லுலோஸை உடைத்துக் கரிம அமிலங்களையும் ஹைட்ரஜனையும் விடுகின்றன. டீசல்ஃபோவிப்ரியோ என்னும் இன்னொரு பாக்டீரியா அவற்றை உண்டு, நாம் ஆக்சிஜனைச் சுவாசிப்பதுபோல் சல்பேட்டைச் சுவாசித்து, ஹைட்ரஜன் சல்பைடை வெளியிடுகிறது. அது சேற்றின் இரும்போடு சேர்வதால்தான் அந்தக் கறுப்பு. மேலே சயனோபாக்டீரியாவும் பச்சைப் பாசியும் ஆக்சிஜனை வெளியிடுகின்றன. அடியிலிருந்து சல்பைடு ஏற, மேலிருந்து ஆக்சிஜன் இறங்க, நடுவில் ஒவ்வொரு இனமும் தனக்கேற்ற உயரத்தைப் பிடித்துக்கொள்கிறது.

நான்கு முதல் எட்டு வாரங்களில் வண்ணம் வரும். சல்பைடைக் கூடுதலாகத் தாங்கும் பச்சைக் கந்தக பாக்டீரியா கீழே மங்கிய பச்சையாகவும், ஊதாக் கந்தக பாக்டீரியா அதற்கு மேலேயும் தெரியும். இரண்டும் ஒளிச்சேர்க்கை செய்பவைதான். ஆனால் நீருக்குப் பதிலாக ஹைட்ரஜன் சல்பைடைப் பிளப்பதால் ஆக்சிஜன் வராது, கந்தகம்தான் மிஞ்சும். ஊதாப் பகுதியிலிருந்து ஒரு சொட்டு எடுத்து 400 மடங்கு நுண்ணோக்கியில் பார்த்தால், உயிரணுக்களுக்குள்ளேயே ஒளிரும் கந்தகத் துளிகளைக் காணலாம். முதல்முறை பார்ப்பவர்கள் இதைத் தவறவிடவே கூடாது.

இதை உயிரின் தோற்றத்தோடு இணைக்கும்போது கவனம் வேண்டும். காற்றில் ஆக்சிஜன் நிலையாகச் சேரத் தொடங்கியது சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான். பூமிக்கோ வயது 454 கோடி. ஆகவே, ஆக்சிஜன் இல்லாமல் வாழும் முறைகளுக்கு இந்தத் தூணின் கீழ்ப்பாதி நல்ல எடுத்துக்காட்டு. உயிரற்றதிலிருந்து உயிர் வந்த விதத்தை இது காட்டாது. பாட்டிலில் உள்ள எல்லா உயிர்களும் நாம் போட்ட சேற்றோடும் நீரோடும் வந்தவையே. அங்கே வாழ்பவை நம் மூதாதையரும் அல்ல, நம்மைப் போலவே இத்தனை கோடி ஆண்டுகள் பரிணமித்தவை. மேலும், தொல்கடல்களில் இரும்பு மிகுதி, சல்பேட் குறைவு. நாமோ ஜிப்சத்தை அள்ளிப் போட்டிருக்கிறோம்.

காகிதம் அதிகமானால் வாயு சேற்றையே பிளந்து மேலே தள்ளும். எட்டு வாரமாகியும் கறுக்கவில்லை என்றால் சல்பேட்டோ காகிதமோ போதவில்லை. கறுத்தும் வண்ணம் வராவிட்டால் ஒளி போதவில்லை. இதைச் சோதிக்க, இன்னொரு பாட்டிலை அலுமினியத் தாளால் சுற்றி வையுங்கள்: அதில் கறுப்பு வரும், ஊதாவும் பச்சையும் வராது. ஜிப்சம் போடாத மூன்றாவது பாட்டிலும் வைத்தால் ஒப்பீடு இன்னும் தெளிவாகும்.

குறியிட்ட மட்டத்துக்குக் கீழே நீர் இறங்கினால் காய்ச்சி வடித்த நீரையோ மழைநீரையோ ஊற்றுங்கள். குளத்து நீரையே ஊற்றினால் உப்பு சேர்ந்துகொண்டே போகும். ஹைட்ரஜன் சல்பைடு நச்சு வாயு என்பதால் பாட்டிலைக் காற்றோட்டமான அறையில் வையுங்கள், மூடியைத் திறந்து முகர வேண்டாம். காலி செய்யும்போது திறந்தவெளியில், முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு, மண்ணில் குழி தோண்டிக் கொட்டி மூடுங்கள்.