சி$ திறக்கவில்லையா? அவசரப்பட்டுச் செய்யக்கூடாதவை

குன்னூர், கோத்தகிரிப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலைகளில் பச்சைத் தேயிலையை எடைபோடும் கொட்டகை கீழே இருக்கும். விவசாயிகளின் கணக்கை எழுதும் அலுவலகம் மேலே இருக்கும். ஐப்பசி மழையில் ஒரே ஒரு கோப்புக்காகப் படியிறங்கி ஏற யாருக்கும் மனம் வராது. மேலே உட்கார்ந்தபடியே கீழ்க் கணினியின் டிரைவைத் திறந்துவிடலாமே என்று தோன்றும். திறக்கலாம்தான். விண்டோஸ் என்டி காலம் முதலே ஒவ்வொரு டிரைவுக்கும் ஒரு மறைவான நிர்வாகப் பகிர்வு, அதாவது நிர்வாகி வேறு கணினியிலிருந்தே உள்ளே வருவதற்கான வழி, தானாகவே உருவாகிவிடுகிறது: சி டிரைவுக்கு சி$, டி டிரைவுக்கு டி$, விண்டோஸ் கோப்புறைக்கு அட்மின்$. முகவரிப் பட்டையில் இரண்டு பின்சாய்வுக் கோடு, கணினியின் பெயர், மீண்டும் ஒரு பின்சாய்வுக் கோடு, அடுத்து சி$ என்று தட்டினால் போதும் என்பார்கள்.

தட்டினால் பெரும்பாலும் வருவது ‘ஆக்சஸ் இஸ் டினைடு’, அதாவது அனுமதி மறுப்பு. அதற்குப் பிறகு அவசரத்தில் செய்யப்படும் காரியங்களைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதலில் செய்யப்படுவது, சி டிரைவையே ‘எவ்ரிஒன்’ என்று எல்லோருக்கும் முழு உரிமையுடன் பகிர்ந்துவிடுவது. கோப்பு கிடைத்துவிடும், உண்மை. ஆனால் அன்று முதல் அந்த டிரைவைக் காக்க ஒரு அடுக்கு குறைந்துவிடுகிறது. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்கிற வேலை இது. டாலர் குறியை நம்பி நிம்மதியாக இருப்பதும் இதே ரகம். அந்தக் குறி பகிர்வைப் பட்டியலில் காட்டாமல் வைக்கிறது, அவ்வளவே. சி$ என்ற பெயர் யாருக்கும் ரகசியம் அல்ல. உள்ளே விடுவதா வேண்டாமா என்பதை முடிவு செய்வது நிர்வாகிக் கணக்கும் அதன் கடவுச்சொல்லும்தான்.

சரியான நிர்வாகிக் கணக்கும் கடவுச்சொல்லும் கொடுத்த பிறகும் ஏன் மறுக்கிறது? பலரைத் தலையைப் பிய்த்துக்கொள்ள வைப்பது இந்த இடம். 2007இல் வந்த விண்டோஸ் விஸ்டா முதல், டொமைன் (எல்லாக் கணினிகளின் கணக்குகளையும் ஒரே சர்வரில் நிர்வகிக்கும் ஏற்பாடு) இல்லாத கணினிகளில், உள்ளூர் நிர்வாகிக் கணக்கோடு வலையமைப்பு வழியாக வருபவரின் நிர்வாக உரிமையை விண்டோஸ் வடிகட்டிவிட்டு, சாதாரணப் பயனராகவே உள்ளே விடுகிறது. சி$ சாதாரணப் பயனருக்கு இல்லை, எனவே மறுப்பு. பழுது எதுவும் இல்லை, வேண்டுமென்றே வைத்த தடை அது. இணையத்தில் தேடினால் உடனே ஒரு வைத்தியம் கிடைக்கும்: விண்டோஸின் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் ‘லோக்கல்அக்கவுண்ட்டோக்கன்ஃபில்டர்பாலிசி’ என்ற மதிப்பை உருவாக்கி 1 என்று வைப்பது. வேலை செய்யும். அதை எல்லாக் கணினிகளிலும் போட்டுவிட்டு, எல்லாவற்றுக்கும் ஒரே நிர்வாகிக் கடவுச்சொல்லையும் வைப்பதுதான் பெரிய தவறு. ஒரு கணினியில் அந்தக் கடவுச்சொல் திருடப்பட்டால் மற்ற கணினிகளும் சேர்ந்தே போய்விடும். 2017 ஜூனில் உக்ரைனில் தொடங்கிப் பல நாடுகளை முடக்கிய நாட்பெட்யா என்ற தீநிரல் பரவிய வழிகளில் ஒன்று இதுவே: ஒரு கணினியின் நினைவகத்திலிருந்து கடவுச்சொற்களைத் திருடி, அவற்றைக் கொண்டே அடுத்த கணினியின் அட்மின்$ வழியாக நுழைந்தது. பாதுகாப்புத் திருத்தங்களை ஒழுங்காகப் போட்டிருந்த கணினிகளும் அதில் விழுந்தன. ஆகவே, அந்த மதிப்பு தேவைப்படும் ஒரு கணினிக்கு மட்டும் போதும். கணினிக்கு ஒரு கடவுச்சொல் வைத்து நோட்டில் எழுதிப் பூட்டி வைத்தாலும் குற்றமில்லை.

கடவுச்சொல் விஷயத்தில் இரண்டு சின்னச் சறுக்கல்கள் உண்டு. திரையைத் திறக்கத் தட்டும் பின் எண் அந்த ஒரு கணினிக்கே உரியது; வலையமைப்பில் செல்லாது. கடவுச்சொல்லே இல்லாத கணக்கையும் விண்டோஸ் இயல்பாக வெளியிலிருந்து உள்ளே விடாது. ஏற்கெனவே வேறு பெயரில் அதே கணினியோடு தொடர்பு திறந்திருந்தால் 1219 என்ற பிழை வரும். ‘நெட் யூஸ்’ கட்டளையால் பழைய தொடர்பைத் துண்டித்துவிட்டு முயல வேண்டும்.

மலையில் மழைக்காலத்தில் மரம் விழுந்து மின்சாரம் போவது சாதாரணம். மின்சாரம் வந்ததும் ரவுட்டர் கணினிகளுக்குப் புதிய ஐபி எண்களைக் கொடுத்துவிடலாம். நேற்றைய எண்ணை மனப்பாடம் செய்து தட்டிக்கொண்டிருப்பவர்கள், வெளியிலிருந்து வரும் தொடர்புகளைத் தடுக்கும் ஃபயர்வாலைத்தான் சந்தேகிப்பார்கள். அதை மொத்தமாக அணைத்தும் விடுவார்கள். அணைக்கத் தேவையே இல்லை. எண்ணை ரவுட்டரிலேயே நிலையாக ஒதுக்கிவிட்டு, கோப்புப் பகிர்வுக்கான விதியை மட்டும் அனுமதித்தால் போதும். அதற்குரிய வாசல் (போர்ட்) எண் 445. அந்த வாசலை ரவுட்டர் வழியாக இணையத்துக்குத் திறந்து வைத்து, வீட்டிலிருந்தே தொழிற்சாலையைப் பார்க்க நினைப்பது விபரீதம்; இணையத்தின் வழியே பாதுகாப்பான தனி இணைப்பைத் தரும் விபிஎன் இருக்கும்போது அதற்கு அவசியமும் இல்லை.

ஊட்டியின் தங்கும் விடுதிகளுக்கு இதைவிட அருகிலேயே ஆபத்து இருக்கிறது. மே மாத சீசனில் விருந்தினருக்கும் வரவேற்பறைக் கணினிக்கும் ஒரே வைஃபை. பகிர்வு வேலை செய்யட்டும் என்று அந்தக் கணினியின் வலையமைப்பை, அக்கம்பக்கத்துக் கணினிகளை நம்பும் ‘பிரைவேட்’ வலையமைப்பு என்று மாற்றிவிடுகிறார்கள். யாரென்றே தெரியாதவர்களின் மடிக்கணினிகள் அப்போது அக்கம்பக்கத்தில் இருக்கும். விருந்தினர் வைஃபையைத் தனியாகப் பிரிப்பது பெரும்பாலான ரவுட்டர்களில் சில நிமிட வேலை.

திறந்த பிறகும் தவறு நடக்கும். எடைபோடும் மென்பொருள் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் தரவுக் கோப்பை சி$ வழியாக இழுத்துவந்து ‘பேக்கப் எடுத்தாயிற்று’ என்பார்கள். பாதி எழுதிய நிலையில் நகலான கோப்பு, தேவைப்படும் நாளில் திறக்காமல் போகலாம். மென்பொருளை மூடிவிட்டோ, அதிலேயே உள்ள பேக்கப் வசதி வழியாகவோ எடுக்க வேண்டும். என்னைக் கேட்டால், தினமும் ஒரே கோப்புறைதான் வேண்டும் என்றால் சி$ பக்கமே போக வேண்டாம். அந்தக் கோப்புறையை மட்டும், நிர்வாகி அல்லாத ஒரு கணக்குக்கு, படிக்கும் உரிமையோடு பகிர்ந்தால் தீர்ந்தது. உரிமையாளரின் அனுமதி இல்லாமல் அடுத்தவர் கணினியில் இதை முயல்வது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இன் 43, 66 பிரிவுகளின் கீழ் வரும் என்பதையும் வேலைக்கு வரும் பையன்களிடம் சொல்லி வைப்பது நல்லது.

இவ்வளவும் கேட்டுப் பயந்து, சி$ பகிர்வையே நீக்கிவிடுபவர்களும் உண்டு. கணினியை மறுமுறை இயக்கியதும் அது திரும்ப வந்துவிடும். நிரந்தரமாக நிறுத்த, சாதாரணக் கணினிகளில் ரெஜிஸ்ட்ரியில் ‘ஆட்டோஷேர்டபிள்யூகேஎஸ்’, சர்வரில் ‘ஆட்டோஷேர்சர்வர்’ என்ற மதிப்பை 0 என்று வைக்க வேண்டும். வைக்கும் முன், பேக்கப் மென்பொருள் ஏதாவது இந்தப் பகிர்வுகளை நம்பி ஓடுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.