எமர்ஜென்சி கதவோர சீட்டுக்காக 3 நாள் அலைந்தது

சென்னையிலிருந்து லண்டன், 10 மணி நேரத்துக்கு மேல். எனக்கு ஆறடிக்கு மேல் உயரம். முன் சீட்டில் முட்டி இடிக்கும். எமர்ஜென்சி கதவோர வரிசைக்குக் கூடுதல் பணம் கட்டத் தயாராக இருந்தும், அந்த சீட்டைத் தொட்டாலே ‘தேர்வு செய்ய இயலாது’ என்று வந்தது.

போன், கணினி, வேறு கார்டு, எல்லாம் மாற்றிப் பார்த்தாயிற்று. கஸ்டமர் கேரில் கேட்டால் “ஏர்போர்ட்டில் கேளுங்கள்” என்றார்கள்.

சரி என்று, கீழக்கரையில் டிக்கெட் போட்டுத் தந்த காக்காவிடம் (அண்ணனிடம்) போய் முழு பிரிண்ட் எடுத்தேன். என் பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் டபிள்யூ.சி.எச்.ஆர்., அதாவது வீல்சேர் உதவிக்கான குறியீடு. கூட வரும் உம்மாவுக்குக் கேட்ட வீல்சேர் என் பெயரிலும் ஏறியிருந்தது! அவசரத்தில் கதவைத் திறந்து உதவக்கூடியவருக்குத்தான் அந்த வரிசை. வீல்சேர் கேட்டவருக்குத் தர மாட்டார்கள். காக்கா என் பெயரில் இருந்ததை மட்டும் நீக்கினார். அன்று அஸர் தொழுகை நேரத்துக்குள் (மாலைக்குள்) சீட் திறந்துவிட்டது. அப்பாடா!

ஜன்னலோரம் எடுக்காதீர்கள், சில விமானங்களில் கதவின் புடைப்பு காலை மறிக்கும். நடைபாதை ஓரம் எடுத்தேன், நேர் பின்னால் உம்மா. அப்புறம், இந்த வரிசையில் விமானம் மேலெழும்போதும் தரையிறங்கும்போதும் கைப்பை தலைக்கு மேலுள்ள பெட்டிக்குப் போய்விடும். மருந்தை முன்பே சட்டைப்பையில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.