போட்டிக்கு அனுப்பும் படத்தில் எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது?

'எடிட்டிங் கூடாது' என்று புகைப்படப் போட்டி விதியில் பார்த்ததும் புதியவர்கள் இரண்டு விதமாகத் தடுமாறுகிறார்கள். சிலர் வெளிச்சத்தைக்கூடச் சரிசெய்யாமல் மங்கலான படத்தை அப்படியே அனுப்புகிறார்கள். சிலர் 'ஓரமாத்தானே நிக்கிறார்' என்று ஒரு ஆளையே அழித்துவிட்டு அனுப்புகிறார்கள். எவ்வளவு மாற்றினோம் என்பதைவிட எதை மாற்றினோம் என்பதுதான் இங்கே கணக்கு.

படி 1: பிரிவைப் பாருங்கள்

செய்தி, ஆவணம், இயற்கை ஆகிய பிரிவுகளில் கெடுபிடி அதிகம். 'கிரியேட்டிவ்' பிரிவில் பல படங்களை ஒட்டிச் சேர்ப்பதற்கும் பெரும்பாலும் இடம் உண்டு. கறுப்பு வெள்ளைக்குத் தனி விதி இருக்கும். ஃபியாப் என்ற சர்வதேசப் புகைப்படக் கலைக் கூட்டமைப்பின் விதிப்படி, படம் முழுவதையும் ஒரே நிறச்சாயலில் மாற்றினால் அது கறுப்பு வெள்ளைதான். ஒரு பூவை மட்டும் சிவப்பாக விட்டுவைத்தால் அது வண்ணப்படம்.

படி 2: மூலக் கோப்பைப் பத்திரப்படுத்துங்கள்

முடிந்தால் ரா ஃபார்மேட்டில், அதாவது கேமரா பதிவுசெய்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பாக, எடுங்கள். லைட்ரூம் போன்ற மென்பொருள்கள் ராவில் உள்ள படத்தைத் தொடாது, நீங்கள் செய்த மாற்றங்களைத் தனியாகக் குறித்துவைத்துக்கொள்ளும். ஜேபெக் மட்டும்தான் என்றால், ஒரு நகல் எடுத்துவைத்துவிட்டு நகலில் வேலை செய்யுங்கள். பத்திரிகைப் புகைப்படங்களுக்கான வேர்ல்ட் பிரஸ் ஃபோட்டோ போட்டியில் கடைசிச் சுற்றுகளுக்கு வரும் படங்களின் மூலக் கோப்பைக் கேட்டு ஒப்பிடுவார்கள். 2015 போட்டியில் இறுதிக்கு முந்தைய சுற்றுக்கு வந்தவற்றில் சுமார் 20 சதவீதம் இப்படித்தான் வெளியேறின.

படி 3: வெளிச்சமும் நிறமும்

எக்ஸ்போஷர் (வெளிச்ச அளவு), ஒயிட் பேலன்ஸ் (நிறச் சமன்), கான்ட்ராஸ்ட், அளவான ஷார்ப்பனிங் (கூர்மையாக்குவது), நாய்ஸ் (புள்ளிப் புள்ளியான இரைச்சல்) குறைப்பது, க்ராப் செய்வது (ஓரத்தை வெட்டுவது): பெரும்பாலான போட்டிகளில் இவை சரி. ஆனால் நிழலை இழுத்து இழுத்துக் கறுப்பாக்கி, பின்னால் நின்றவர் மறைந்தே போனால்? ஒரு இடத்தை நகலெடுத்து இன்னொன்றை மூடும் க்ளோன் கருவியைத் தொடாவிட்டாலும் அதுவும் அழித்ததாகத்தான் எடுத்துக்கொள்ளப்படும்.

படி 4: புள்ளியா, பொருளா?

தவறு அதிகம் நடப்பது இங்கேதான். வானத்தில் சாம்பல் நிறத்தில் மங்கலான ஒரு வட்டம் தெரிகிறது. எஃப்/16 போல லென்ஸின் துவாரத்தைச் சுருக்கி எடுத்த படங்களில், கேமராவுக்குள் படத்தைப் பதியும் சென்சார் மேல் உள்ள தூசி இப்படித் தெரியும். உறுதி செய்ய, முன்னும் பின்னும் எடுத்த படங்களைத் திறந்து அதே இடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். கேமராவைத் திருப்பியும் வட்டம் அதே மூலையில் இருந்தால் தூசி. கண்டிப்பான இயற்கைப் பிரிவிலும் அதை நீக்குவது பொதுவாக அனுமதிக்கப்படுகிறது. இடம் மாறியிருந்தால் அது தூரத்துப் பறவையாக இருக்கலாம். லென்ஸுக்கு முன்னால் இருந்ததைத் தொடாதீர்கள்.

நேஷனல் ஜியாகிரபிக்கின் 2012 போட்டியில் இடங்கள் பிரிவில் வென்ற படம் ஒன்று தகுதி இழந்தது. காரணம், ஓரத்தில் கிடந்த ஒரு பிளாஸ்டிக் பையை அழித்திருந்தார்கள். பையை அப்படியே விட்டிருந்தாலோ, க்ராப் செய்து வெட்டியிருந்தாலோ பிரச்சினையே இல்லை. வெட்டினால் சட்டகம் சுருங்குகிறது, அவ்வளவுதான். அழித்தால் அந்த இடத்தில் இல்லாத தரையை வரைய வேண்டியிருக்கிறது. எனக்கு இது நியாயமான கோடாகவே படுகிறது.

படி 5: தானாக நடப்பதைக் கவனியுங்கள்

சாய்ந்த அடிவானத்தை நேராக்கும்போது மூலைகளில் வெற்றிடம் வரும். சில மென்பொருள்கள் அதைத் தாமாகவே நிரப்பிவிடும். அந்த வசதியை அணைத்துவிட்டு மூலைகளை வெட்டுங்கள். ஃபோனில் அழகுபடுத்தும் ஃபில்டர், பின்னணியை மங்கலாக்கும் மோட், வானத்தை மாற்றும் பொத்தான் எல்லாவற்றையும் எடுப்பதற்கு முன்பே பார்த்து அணையுங்கள். 'இதை வரை' என்று எழுதிச் சொன்னால் வரைந்து நிரப்பும் ஏஐ வசதியைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

படி 6: அனுப்பும் முன்

மூலத்தையும் இறுதிப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, 'இதில் இருப்பது அதில் இருக்கிறதா?' என்று மூலை மூலையாகத் தேடுங்கள். சந்தேகம் வந்தால் போட்டி நடத்துபவர்களுக்கு முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிடுங்கள். எக்ஸ்போர்ட் செய்யும்போது மெட்டாடேட்டாவை (கோப்பில் பதிந்திருக்கும் தேதி, கேமரா போன்ற விவரங்களை) நீக்க வேண்டாம். அப்புறம், வாட்டர்மார்க் போடாதீர்கள். பெயர் தெரியாமல் தேர்வு நடக்கும் போட்டிகளில் அதற்காகவே படத்தை ஒதுக்கிவிடுவார்கள்.