கடன் மதிப்பெண்ணில் எச்எச் என்ற மோசமான தரத்தில் நிற்பவர் சிங்கப்பூரில் எந்த கிரெடிட் கார்டை எடுக்கலாம்?

2019இல் பழைய வீட்டை விற்றுவிட்டு, புது வீவக (அரசு அடுக்குமாடி) வீடு கைக்கு வரும்வரை மாமியார் வீட்டில் தங்கியிருந்தோம். அந்தக் குழப்பத்தில், பயன்படுத்தாமல் கிடந்த ஒரு கிரெடிட் கார்டை அடியோடு மறந்துவிட்டேன். அதில் ஆண்டுக் கட்டணம் 192.60 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) ஏறி, பில் பழைய முகவரிக்குப் போய்க்கொண்டிருந்தது. வங்கியில் வீட்டுப் புதுப்பிப்புக் கடன் கேட்கப் போனபோதுதான் விஷயம் வெளியே வந்தது. "அண்ணே, மூணு மாசம் பில் கட்டாம ஓட்டை விழுந்திருக்கு" என்று திரையைத் திருப்பிக் காட்டினார் அங்கிருந்த தம்பி. இருநூறு வெள்ளிகூட இல்லாத தொகை. கடன் கிடைக்கவில்லை.

அதன் பிறகு நான் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்ட வரிசையைத்தான் கீழே எழுதுகிறேன்.

முதல் படி: அறிக்கையை வாங்குங்கள்

கார்டு தேடுவதற்கு முன்னால் உங்கள் நிலைமை என்ன என்று பார்க்க வேண்டும். நம் கடன் வரலாற்றைத் திரட்டி வைக்கும் கிரெடிட் பீரோ சிங்கப்பூர் இணையத்தளத்தில் சிங்பாஸ் (அரசின் மின்னடையாளம்) மூலம் நுழைந்தால் சுமார் 8 வெள்ளிக்கு அறிக்கை கிடைக்கும். சமீபத்தில் எந்த வங்கியிலாவது கடனோ கார்டோ கேட்டு பதில் வந்திருந்தால் காசு கொடுக்காதீர்கள். பதில் வந்த 30 நாளுக்குள் ஒரு பிரதி இலவசம். சொந்த அறிக்கையை நாமே பார்ப்பதால் மதிப்பெண் குறையாது.

மதிப்பெண் 1000இலிருந்து 2000 வரை. 2000 பக்கம் போகப் போக நல்லது. பக்கத்தில் எழுத்தில் ஒரு தரம் இருக்கும்: 1911உம் அதற்கு மேலும் ஏஏ, 1723உம் அதற்குக் கீழும் எச்எச். பலர் இந்த எண்ணைப் பார்த்துப் பயந்துவிட்டு அறிக்கையை மூடிவிடுகிறார்கள். மூடாதீர்கள், நமக்கு வேண்டியது உள்ளே இருக்கிறது. ஒவ்வொரு கணக்குக்கும் நேரே கடந்த 12 மாதங்களுக்கு 12 எழுத்துகள் வரிசையாக இருக்கும். ஏ என்றால் தவணை ஒழுங்காக வந்திருக்கிறது. பி என்றால் 30 நாளுக்கு மேல் தாமதம், சி 60ஐத் தாண்டியது, டி 90ஐத் தாண்டியது. என் வரிசையில் ஒன்பது ஏ, அப்புறம் பி, சி, டி. படிக்கட்டில் உருண்டு விழுந்த மாதிரி.

நாம் செய்யப்போவது ஒன்றுதான்: அந்த 12 கட்டங்களையும் மறுபடி ஏ ஆக்குவது. கார்டு அதற்கு ஒரு கருவி, அவ்வளவே.

இரண்டாம் படி: நிலுவை இருந்தால் நில்லுங்கள்

ஏதாவது ஒரு வங்கியில் 60 நாளுக்கு மேல் பாக்கி இருந்தால், சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் விதிப்படி வேறு எந்த வங்கியும் உங்களுக்குப் புதிதாக ஈடில்லாக் கடன் (எதையும் அடமானமாக வைக்காமல் வாங்கும் கடன்) கொடுக்க முடியாது. மொத்த ஈடில்லாக் கடன் மாதச் சம்பளத்தைப்போல் 12 மடங்கைத் தொடர்ந்து மூன்று மாதம் தாண்டியிருந்தாலும் அதே கதைதான். இந்த நிலையில் கார்டுக்கு விண்ணப்பிப்பது வீண் வேலை.

பாக்கியை முதலில் அடைத்துவிடுங்கள். சமாளிக்க முடியாத அளவு என்றால் கிரெடிட் கவுன்சலிங் சிங்கப்பூர் என்ற அறநிறுவனத்துக்குப் போங்கள், வங்கிகளோடு பேசித் தவணை அமைக்க உதவுவார்கள். தயவுசெய்து வாட்ஸ்ஆப்பில் "உடனடிக் கடன்" என்று வரும் ஆ லோங் (உரிமமில்லாத வட்டிக்காரர்) பக்கம் போக வேண்டாம். கடன் தவறியதாகப் பதிவாகிவிட்டால், முழுதும் அடைத்த பிறகும் அந்தப் பதிவு மூன்று ஆண்டுகள் அறிக்கையில் தெரியும். அடைக்காவிட்டால் போகவே போகாது.

மூன்றாம் படி: எந்த கார்டு?

அமெரிக்க வீடியோக்களைப் பார்த்துவிட்டு, "மோசமான ஸ்கோருக்கு என்று தனி கார்டு இங்கே எங்கே?" என்று கேட்கிறார்கள். சிங்கப்பூரில் அப்படி ஒரு கடைத்தெரு கிடையாது. இங்கே தேர்வு குறுகியது.

மேசை இழுப்பறையில் ஒரு பழைய கார்டு இன்னும் உயிரோடு இருக்கிறதா? இருந்தால் அதுதான் முதல் தேர்வு. பாக்கியைக் கட்டி, வங்கி முடக்காமல் விட்டிருந்தால், கோபத்தில் அதை ரத்து செய்யாதீர்கள். அந்தக் கணக்கின் பழைய வரலாறும் சேர்ந்து உங்களுக்காகப் பேசும். நானே கோபத்தில் கத்தரிக்கோலைத் தேடியவன்தான், மனைவி ஒளித்து வைத்துவிட்டாள்.

பழைய கார்டு இல்லையென்றால் வைப்புத்தொகை கார்டு. சாதாரண கார்டுக்குக் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் பொதுவாக ஆண்டுக்கு 30,000 வெள்ளி சம்பாதிக்க வேண்டும். வெளிநாட்டவரிடம் பல வங்கிகள் 40,000 அல்லது அதற்கு மேல் எதிர்பார்க்கின்றன. வருமானம் போதாவிட்டாலும், மதிப்பெண்ணைப் பார்த்து வங்கி தயங்கினாலும், குறைந்தது 10,000 வெள்ளி நிரந்தர வைப்பு போட்டு, அதை ஈடாக வைத்து கார்டு கேட்கலாம். வைப்புக்கு வட்டி வரும், ஆனால் பணம் அங்கேயே கட்டுண்டு கிடக்கும். எல்லா கிளையிலும் இது உடனே புரியாது. "பிக்சட் டெபாசிட் வைத்து கார்டு" என்று தெளிவாகச் சொல்லிக் கேளுங்கள். 10,000 வெள்ளி சின்னத் தொகை இல்லை என்பது தெரியும். அவசரச் சேமிப்பை அப்படியே கொண்டுபோய்ப் போடாதீர்கள்.

படிக்கும் பிள்ளைகளுக்குச் சில வங்கிகள் 500 வெள்ளி வரம்போடு கார்டு தருகின்றன. டெபிட் கார்டு எவ்வளவு தேய்த்தாலும் இந்தக் கணக்கில் சேராது, அது உங்கள் பணம்தான்.

எது எடுத்தாலும் விமானப் பயண மைல், கேஷ்பேக் எல்லாம் இப்போதைக்கு மறந்துவிடுங்கள். மாதம் 800 வெள்ளி செலவழித்தால்தான் சலுகை என்று சொல்லும் கார்டு உங்களைச் செலவு செய்ய வைக்கும். ஆண்டுக் கட்டணம் எவ்வளவு, முதல் ஆண்டு தள்ளுபடி உண்டா என்று மட்டும் பாருங்கள். 180 வெள்ளியோடு 9 விழுக்காடு பொருள் சேவை வரி சேர்ந்து 196.20 வருவது வழக்கம். இந்தக் கட்டணம் எனக்கு இன்னும் வயிற்றைக் கலக்கும்.

நான்காம் படி: ஒரே ஒரு விண்ணப்பம்

கார்டு எடுத்தால் இலவசம் என்று கடைத்தொகுதி வாசலில் பயணப்பெட்டியை அடுக்கி வைத்துக் கூப்பிடுவார்கள். பெட்டிக்காக மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டால், மூன்று வங்கிகளும் உங்கள் அறிக்கையைப் புரட்டிய தடம் இரண்டு ஆண்டு இருக்கும். ஒன்றுக்கு விண்ணப்பித்து, பதில் வரும்வரை பொறுங்கள்.

ஐந்தாம் படி: ஒரே ஒரு பில், முழுத் தொகை ஜைரோ

கார்டு வந்ததும் மாதம் 40 வெள்ளி கைப்பேசிக் கட்டணத்தை அதில் போடுங்கள். போதும். பிறகு கார்டை இழுப்பறைக்குள் வைத்துவிடலாம்.

பில் கட்ட ஜைரோ எழுதிக்கொடுங்கள், அதாவது வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பணம் எடுக்கும் ஏற்பாடு. படிவத்தில் இரண்டு கட்டம் இருக்கும்: முழுத் தொகை, குறைந்தபட்சத் தொகை. முழுத் தொகையில் டிக் போடுங்கள். குறைந்தபட்சம் கட்டினால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். பாக்கி 2,000 வெள்ளி, வட்டி ஆண்டுக்கு 27 விழுக்காடு அளவில் என்றால் மாதம் சுமார் 45 வெள்ளி வட்டி. குறைந்தபட்சம் 3 விழுக்காடு, அதாவது 60 வெள்ளி. நீங்கள் கட்டுவதில் கடனைக் குறைப்பது வெறும் 15 வெள்ளி.

ஜைரோ நடைமுறைக்கு வரச் சில வாரம் ஆகும். அதுவரை கையால் கட்டுங்கள், இந்த இடைவெளியில்தான் பலர் வழுக்கி விழுகிறார்கள். பணம் எடுக்கும் நாளில் கணக்கில் தொகை இல்லாவிட்டால் ஜைரோவும் கைவிடும். கார்டை வைத்து ஏடிஎம்மில் பணம் எடுக்கவே கூடாது, அன்றே கட்டணமும் வட்டியும் ஓடத் தொடங்கிவிடும். முகவரி, கைப்பேசி எண் மாறினால் அன்றே வங்கிக்குச் சொல்லுங்கள்.

ஆறாம் படி: காத்திருப்பு

ஆறு மாதம் கழித்து ஒரு முறை அறிக்கை வாங்கிப் பாருங்கள். பன்னிரண்டு மாதம் சுத்தமாகப் போனால் பழைய பி, சி, டி அந்த வரிசையின் ஓரத்திலிருந்து ஒவ்வொன்றாக நழுவிப்போகும். எனக்கு டி கடைசியாக நழுவிய மாதம் தேக்காவில் மட்டன் பிரியாணி வாங்கினேன், ரொக்கமாக.

அப்புறம் அந்த வைப்புத்தொகை. வருமானம் 30,000ஐ எட்டியிருந்தால் சாதாரண கார்டாக மாற்ற முடியுமா என்று வங்கியில் கேளுங்கள், மாற்றினால் பணத்தை விடுவிப்பார்கள். வைப்பு முதிரும் தேதியைப் பார்த்து அதற்கு முன்பே கேட்பது நல்லது. தானாகப் புதுப்பித்துவிட்ட பிறகு எடுத்தால் அந்தத் தவணையின் வட்டி போய்விடலாம்.