சதவீதம் மட்டும் போதாது: கல்லூரிக்கு மருத்துவச் சான்று வாங்குவது எப்படி

பிளஸ் ஒன் படிக்கும்போது சேரன்மகாதேவி ரோட்டில் பைக்கிலிருந்து விழுந்து என் வலது முழங்கை நொறுங்கியது. பிளேட் வைத்தார்கள். எலும்பு கூடிவிட்டது, நரம்பு முழுசாகத் திரும்பவில்லை. பார்த்தால் ஒன்றும் தெரியாது. தோசை பிய்ப்பேன், சட்டைப் பட்டன் போடுவேன். தொடர்ந்து எழுதினால் இருபது நிமிடத்தில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப் பேனா நழுவும்.

கல்லூரியில் சேர்ந்த புதிதில் மாற்றுத்திறனாளி அட்டையின் ஜெராக்ஸை மட்டும் ஆபீஸில் நீட்டினேன். "எல்லாம் சரி தம்பி, எழுத முடியாதுன்னு இதுல எங்க போட்டிருக்கு?" என்றார் அங்கிருந்த அண்ணாச்சி. கோபம் வந்தது. ஆனால் அவர் கேட்டது நியாயம்தான். அட்டையில் குறைபாட்டின் வகையும் சதவீதமும் இருக்கும்; உங்களுக்கு என்ன வேண்டும் என்பது இருக்காது.

அட்டை இல்லாதவர்கள் முதலில் அதை வாங்குங்கள். மாற்றுத்திறனாளிகளுக்குத் தனி அடையாள எண் தரும் மத்திய அரசின் யு.டி.ஐ.டி. இணையதளத்தில் ஆதார், போட்டோ, கையெழுத்து ஏற்றி விண்ணப்பிக்க வேண்டும். பரிசோதனை அரசு ஆஸ்பத்திரியில். எனக்குப் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு. டிஸ்சார்ஜ் சம்மரி, பழைய எக்ஸ்ரே, நரம்புப் பரிசோதனை ரிப்போர்ட் எல்லாவற்றையும் தேதிவாரியாக அடுக்கி ஒரே ஃபைலில் கொண்டுபோங்கள். அரசுக் கல்லூரி, அரசு உதவிபெறும் கல்லூரி இடங்களில் 5 சதவீத ஒதுக்கீட்டுக்கு 40 சதவீதக் குறைபாடாவது இருக்க வேண்டும். சான்று தற்காலிகமா நிரந்தரமா என்பதையும் பாருங்கள். தற்காலிகம் என்றால் முடியும் தேதியை இப்போதே குறித்துவையுங்கள்.

அடுத்ததுதான் முக்கியம். இரண்டு கையும் பாதித்தவர்கள், பார்வையற்றவர்கள், மூளை முடக்குவாதம் உள்ளவர்கள் கேட்டாலே தேர்வில் எழுதித்தர ஆள் (எழுத்தர்) உண்டு. என்னைப் போல ஒரு கை மட்டும் என்றால், 'இவருக்கு எழுதுவதில் உடல்ரீதியான தடை உள்ளது, எழுத்தர் அவசியம்' என்று அரசு மருத்துவமனையின் தலைமை மருத்துவரோ கண்காணிப்பாளரோ தனியாகச் சான்று தர வேண்டும். 2018-இல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதலில் அதற்கென்று ஒரு படிவமே இருக்கிறது. பிரிண்ட் எடுத்துக் கையோடு கொண்டுபோங்கள். டாக்டருக்கும் வேலை மிச்சம்.

டாக்டர் முன்னால் "கை வலிக்கும் சார்" என்று சொன்னால் வலி மாத்திரைதான் கிடைக்கும். நான் போவதற்கு முன் இரண்டு வாரம் ஒரு நோட்டில் குறித்தேன்: எத்தனை மணிக்கு எழுத உட்கார்ந்தேன், எந்த நிமிடத்தில் விரல் மரத்தது, எத்தனை வரி ஓடியது, திரும்ப எழுத எவ்வளவு நேரமானது. ஒரே பக்கத்தின் முதல் வரியும் கடைசி வரியும் வேறு வேறு ஆள் எழுதியதுபோல இருக்கும். அந்தப் பக்கத்தைக் காட்டியதும் டாக்டர் மேற்கொண்டு எதுவும் கேட்காமல் பேனாவை எடுத்துவிட்டார். காலில் பிரச்சினை என்றால் எத்தனை படி ஏறியதும் நிற்க வேண்டியிருக்கிறது என்று எண்ணிக்கொள்ளுங்கள். வகுப்பைத் தரைத்தளத்துக்கு மாற்றிக் கேட்க அந்த எண்ணிக்கைதான் கைகொடுக்கும்.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைக் குறைபாடுகள் உண்டு. ஹீமோபிலியாவும் தலசீமியாவும் அதில் இருக்கின்றன, சர்க்கரை நோய் இல்லை. இன்சுலின் போடும் பிள்ளைகள் அட்டைக்கு அலையாமல், சிகிச்சை தரும் டாக்டரிடம் 'தேர்வறைக்குள் குளுக்கோஸும் மீட்டரும் வைத்திருக்க வேண்டும், இடையில் எழுந்துபோக வேண்டியிருக்கும்' என்று கடிதம் வாங்கி முதல்வரிடம் நேரில் கொடுங்கள்.

கல்லூரி தன்னாட்சி (தேர்வைத் தானே நடத்துவது) என்றால் விண்ணப்பம் அங்கேயே தேர்வுக் கட்டுப்பாட்டாளருக்கு. இல்லையென்றால் முதல்வர் வழியாகப் பல்கலைக்கழகத்துக்கு; எங்கள் திருநெல்வேலிப் பக்கம் என்றால் அபிஷேகப்பட்டியில் இருக்கும் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம். நவம்பர் தேர்வுக்கு அக்டோபரில் ஓடாதீர்கள், ஜூலையிலேயே கொடுத்து நகலில் சீலும் தேதியும் வாங்கிவிடுங்கள். மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரம் உண்டு, 3 மணித் தேர்வுக்கு 1 மணி நேரம். அதையும் விண்ணப்பத்தில் தனி வரியாகக் கேளுங்கள். எழுத்தரை நீங்களே கூட்டிப்போனால், அந்த 2018 வழிகாட்டுதல்படி அவர் படிப்பு உங்களைவிட ஒரு படி குறைவாக இருக்க வேண்டும். எனக்குப் பக்கத்துத் தெருவில் பிளஸ் டூ முடித்த பையன் வந்தான். முதல் தேர்வில் 'ஒளிச்சிதறல்' என்று சொன்னால் ஒவ்வொரு தடவையும் 'ஒலி' என்றே எழுதிவைத்தான். தேர்வுக்கு முன் இரண்டு மூன்று நாளாவது சேர்ந்து உட்கார்ந்து பாடத்தின் சொற்களைச் சொல்லி எழுதவைத்துப் பாருங்கள்.