இணையதளத்தின் நடு அடுக்கை, கடையை மூடாமலே பெருக்குவதும் புதுப்பிப்பதும்: குபர்நெட்டிஸ் செய்முறை

மதியம் இரண்டரை மணிக்கு நண்பரிடமிருந்து போன். அவர் நடத்தும் ஆன்லைன் புத்தகக் கடைக்கு நான்தான் சர்வர் புரோகிராம் எழுதிக் கொடுத்திருந்தேன். "ஒரு அம்மா பேசினாங்க. ஆறு புத்தகம் கூடையில எடுத்து வெச்சிருந்தாங்களாம், பணம் கட்டப் போறப்ப கூடையே காலி. இன்னும் ரெண்டு பேரும் இதையேதான் சொல்றாங்க. என்னப்பா ஆச்சு?"

அதற்கு அரை மணி நேரம் முன்புதான் ஒரு சின்னப் பிழையைத் திருத்திப் புதுப் பதிப்பை ஏற்றியிருந்தேன். சர்வர் நின்று மறுபடி எழ பத்து விநாடிகூட ஆகவில்லை. ஆனால் எல்லாருடைய கூடையும் அந்தப் புரோகிராமின் மெமரியில்தான் இருந்தது. புரோகிராம் நின்றதும் கூடைகளும் போய்விட்டன.

அன்று கற்றுக்கொண்டதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குபர்நெட்டிஸ் என்பது ஒரு புரோகிராமின் பல பிரதிகளை ஓட்டிக் கவனித்துக்கொள்ளும் மென்பொருள். அதில் ஒரு சர்வரை நான்காக்குவது ஒரே வரிக் கட்டளை. அந்தக் கட்டளை ஒழுங்காக வேலை செய்யும்படி புரோகிராமைத் தயார்செய்வதுதான் வேலை. அதனால் இந்தப் பதிவில் பாதி, கட்டளைக்கு முன்னால் செய்ய வேண்டியதைப் பற்றியே இருக்கும்.

நடு அடுக்கு எது? உலாவியில் தெரியும் பக்கங்கள் முன் அடுக்கு. தகவல்கள் தங்கும் டேட்டாபேஸ் பின் அடுக்கு. இரண்டுக்கும் இடையில் நின்று, "இந்தப் புத்தகம் கையிருப்பில் இருக்கிறதா, விலை என்ன, ஆர்டரைப் பதிவு செய்" என்று கணக்குப் பார்க்கும் புரோகிராம்தான் நடு அடுக்கு. நம் எடுத்துக்காட்டில் நடுவில் நோட் ஜேஎஸ், பின்னால் போஸ்ட்கிரெஸ். உங்கள் கணினியில் டாக்கர் (புரோகிராமை, ஓடத் தேவையானவற்றோடு இமேஜ் என்ற ஒரே பொதியாகக் கட்டுவது), மினிகியூப் (சொந்தக் கணினியிலேயே ஓடும் சின்னக் குபர்நெட்டிஸ்), கியூப்சிடிஎல் (குபர்நெட்டிஸுக்குக் கட்டளை கொடுப்பது) மூன்றும் இருந்தால் போதும். கட்டளைகளை வாயால் சொல்வதுபோல் எழுதியிருக்கிறேன், டெர்மினலில் ஆங்கில எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள். நடு அடுக்கின் பெயர் "கடை" என்று வைத்துக்கொள்வோம்.

படி 1: புரோகிராமின் மடியில் எதையும் வைக்காதீர்கள்

நான்கு பிரதிகள் ஓடும்போது வாடிக்கையாளரின் முதல் கிளிக் ஒன்றாம் பிரதிக்கும் அடுத்த கிளிக் மூன்றாம் பிரதிக்கும் போகலாம். கூடை ஒன்றாம் பிரதியின் மெமரியில் இருந்தால் மூன்றாம் பிரதிக்கு அது தெரியாது. எனவே கூடை, லாகின் விவரம் இரண்டையும் எல்லாப் பிரதிகளுக்கும் பொதுவான ஓர் இடத்துக்கு மாற்ற வேண்டும். நான் ரெடிஸ் என்ற தனிச் சேமிப்பு சர்வரை வைத்தேன். கூடையை போஸ்ட்கிரெஸில் ஒரு டேபிளாக வைத்தாலும் குற்றமில்லை. சின்னக் கடைக்கு அதுவே போதும்.

கூடையோடு வேலை முடிவதில்லை. வாடிக்கையாளர் ஏற்றும் படங்கள் சர்வரின் வட்டில் சேமிக்கப்படுகின்றனவா? அவையும் வெளியே போக வேண்டும். அப்புறம், பலர் கவனிக்காமல் விடும் ஒன்று: புரோகிராமுக்குள்ளேயே "தினமும் காலை 8 மணிக்கு மெயில் அனுப்பு" என்று ஏதாவது எழுதியிருக்கிறீர்களா? நான்கு பிரதி என்றால் அதே மெயில் நான்கு முறை போகும். அதை எடுத்து, குபர்நெட்டிஸில் கிரான்ஜாப் (குறித்த நேரத்தில் ஓடும் வேலை) என்று தனியாக ஓட விடுங்கள்.

சோதிப்பது எளிது. கூடையில் ஒரு புத்தகம் போடுங்கள். சர்வரை நிறுத்திவிட்டு மறுபடி ஓட்டுங்கள். பக்கத்தைப் புதுப்பித்துப் பாருங்கள். புத்தகம் அப்படியே இருந்தால் அடுத்த படிக்குப் போகலாம்.

படி 2: வருகையும் விடைபெறுதலும்

ஒரு பிரதி வேலைக்குத் தயாரானதும் "நான் தயார்" என்று சொல்ல வேண்டும். போகும்போது கையில் இருக்கும் வேலையை முடித்துவிட்டுப் போக வேண்டும்.

முதலாவதற்கு, புரோகிராமில் "ரெடி" என்று ஒரு முகவரி திறந்து வையுங்கள். டேட்டாபேஸ் கனெக்‌ஷன் கிடைத்த பிறகுதான் அது 200, அதாவது "சரி" என்று பதில் தர வேண்டும். யாமல் கோப்பில் (நமக்கு என்ன வேண்டும் என்று குபர்நெட்டிஸுக்கு எழுதிக் கொடுக்கும் கோப்பு) ரெடினெஸ் புரோப் என்ற இடத்தில் இந்த முகவரியைக் கொடுத்துவிட்டால், குபர்நெட்டிஸ் 10 விநாடிக்கு ஒரு முறை கேட்டுப் பார்க்கும். 200 வரும்வரை அந்தப் பிரதிக்கு ஒரு வாடிக்கையாளரையும் அனுப்பாது.

பக்கத்திலேயே லைவ்னெஸ் புரோப் என்று இன்னொன்று இருக்கும். அது தோற்றால் குபர்நெட்டிஸ் அந்தப் பிரதியைக் கொன்றுவிட்டு மறுபடி தொடங்கும். அதில் டேட்டாபேஸைச் சோதிக்காதீர்கள். டேட்டாபேஸ் ஒரு நிமிடம் திணறினால், நன்றாக இருக்கும் நான்கு பிரதிகளும் ஒன்றாகச் செத்துச் செத்து எழும். புரோகிராம் உயிரோடு இருக்கிறதா என்பதை மட்டும் அதில் கேளுங்கள்.

இரண்டாவது, விடைபெறுதல். ஒரு பிரதியை நிறுத்தும்போது குபர்நெட்டிஸ் அதற்கு சிக்டெர்ம் என்ற சிக்னல் அனுப்புகிறது. 30 விநாடிக்குள் அது தானாக முடித்துக்கொள்ளவில்லை என்றால் "சிக்கில்" என்ற இன்னொரு சிக்னலால் வெட்டிவிடும். நோட் புரோகிராமில் சிக்டெர்ம் வந்ததும் செய்ய வேண்டியவை: சர்வர் டாட் குளோஸ் அழைத்துப் புதியவர்களை நிறுத்துவது, உள்ளே இருக்கும் வேலைகள் முடியக் காத்திருப்பது, டேட்டாபேஸ் கனெக்‌ஷன்களை மூடுவது, வெளியேறுவது.

இதை எழுதிய பிறகும் எனக்கு ஒவ்வொரு பிரதியும் சரியாக 30 விநாடி "டெர்மினேட்டிங்" என்றே நின்றது. காரணம் டாக்கர்ஃபைலின் (இமேஜைக் கட்டும் குறிப்புகள் உள்ள கோப்பு) கடைசி வரி. சிஎம்டி கட்டளையைச் சாதாரண வாக்கியமாக எழுதினால் முதலில் கட்டளைகளை வாங்கி ஓட்டும் ஷெல்தான் ஓடும், அதற்குள் நோட் ஓடும். சிக்னல் ஷெல்லுக்கு வரும், ஷெல் அதை நோட்டுக்குக் கடத்தாது. அதே வரியைச் சதுர அடைப்புக்குள், ஒவ்வொரு சொல்லையும் மேற்கோள் குறிக்குள் எழுதினால் சிக்னல் நேராக நோட்டுக்கு வந்து சேரும். உங்கள் பிரதிகளும் சரியாக அரை நிமிடம் எடுத்துக்கொண்டால் முதலில் இந்த வரியைப் பாருங்கள்.

இன்னும் ஒன்று. சிக்டெர்ம் அனுப்புவதும், "இந்தப் பிரதிக்கு இனி ஆள் அனுப்பாதே" என்று மற்ற இடங்களுக்குச் செய்தி போவதும் ஒரே சமயத்தில் நடக்கின்றன. செய்தி சேரும் முன் ஓரிருவர் வந்து மூடிய கதவில் முட்டிக்கொள்ளலாம். யாமலில் பிரீஸ்டாப் என்ற இடத்தில் 5 விநாடி தூங்கச் சொன்னால், அந்த நேரம் கழித்தே சிக்டெர்ம் போகும். இந்த 5 விநாடியும் அந்த 30-க்குள் அடக்கம்.

படி 3: இமேஜும் டெப்ளாய்மென்டும்

மினிகியூப் ஸ்டார்ட் கொடுத்து, டாக்கரில் இமேஜைக் கட்டி, மினிகியூப் இமேஜ் லோட் கட்டளையால் உள்ளே ஏற்றுங்கள். டேக், அதாவது இமேஜின் பதிப்புப் பெயர், "கடை:1.0" என்று எண்ணோடு இருக்கட்டும். லேட்டஸ்ட் என்று வைக்காதீர்கள். டேக் மாறாவிட்டால் யாமலிலும் மாற்றம் இருக்காது, அதனால் புதுப்பித்தலே நடக்காது. எந்தப் பதிப்பு ஓடுகிறது என்பதும் நமக்கே தெரியாமல் போகும்.

யாமலில் இரண்டு பொருள்கள். டெப்ளாய்மென்ட்: எந்த இமேஜ், எத்தனை பிரதி, படி 2-இல் சொன்ன புரோப்கள், பிரீஸ்டாப். சர்வீஸ்: எல்லாப் பிரதிகளுக்கும் பொதுவான ஒரே வாசல். இரண்டையும் கியூப்சிடிஎல் அப்ளை கொடுத்து ஏற்றுங்கள். இப்போதைக்கு ரெப்ளிகாஸ் (பிரதிகளின் எண்ணிக்கை) 1.

படி 4: ஒன்றை நான்காக்குங்கள்

கட்டளை: கியூப்சிடிஎல் ஸ்கேல் டெப்ளாய்மென்ட் கடை, அதோடு ரெப்ளிகாஸ் சமம் 4. கெட் பாட்ஸ் அடித்தால் நான்கு வரி தெரியும் (ஓடும் ஒவ்வொரு பிரதிக்கும் குபர்நெட்டிஸில் பாட் என்று பெயர்). ஒவ்வொரு பெயரும் "கடை" என்று தொடங்கி, எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு வாலோடு முடியும். யாமலிலும் 4 என்று மாற்றிவிடுங்கள், இல்லையென்றால் அடுத்த அப்ளை மறுபடி ஒன்றாக்கிவிடும்.

நான்கும் வேலை செய்கின்றனவா என்று பார்க்க, பதிலோடு ஹோஸ்ட்நேமையும் (பிரதியின் பெயர்) பதிப்பு எண்ணையும் அனுப்புங்கள். இங்கே புதியவர்கள் பலர் குழம்புவதுண்டு. போர்ட்ஃபார்வர்ட் (குபர்நெட்டிஸுக்குள் ஓடுவதை நம் கணினியிலிருந்து அணுகும் கட்டளை) வழியாகச் சோதித்தால் எத்தனை முறை கேட்டாலும் ஒரே பிரதிதான் பதில் சொல்லும். சர்வீஸின் பெயரைக் கொடுத்தாலும் போர்ட்ஃபார்வர்ட் ஒரு பாடைத் தேர்ந்தெடுத்து அதோடு மட்டுமே பேசும். பிழை உங்களுடையதல்ல. பிஸிபாக்ஸ் என்ற சின்ன இமேஜில் தற்காலிகமாக ஒரு பாட் ஓட்டி, அதற்குள்ளிருந்து டபிள்யூகெட்டால் (ஒரு முகவரியைக் கேட்டுப் பதில் வாங்கும் கட்டளை) சர்வீஸை அரை விநாடிக்கு ஒரு முறை கேட்டுக்கொண்டே இருங்கள். நான்கு பெயர்களும் மாறி மாறி வரும். அந்த ஜன்னலை மூடாதீர்கள், படி 6-க்கு வேண்டும்.

படி 5: டேட்டாபேஸ் தாங்குமா?

பிரதிகளைக் கூட்டுவதற்கு முன் ஒரு சின்னக் கணக்கு. போஸ்ட்கிரெஸ் இயல்பாக 100 கனெக்‌ஷன் வரை ஏற்கும், அதில் 3 நிர்வாகிக்கு ஒதுக்கப்பட்டது. மிச்சம் 97. நோட்டின் போஸ்ட்கிரெஸ் நூலகம் ஒரு பிரதிக்கு 10 கனெக்‌ஷன் வரை திறக்கும். 4 பிரதிக்கு 40, கவலையில்லை. கூட்டம் அதிகமாகிப் 10 பிரதி ஆக்கினால் 100. படி 6-இல் நாம் வைக்கப்போகும் அமைப்பில், புதுப்பிக்கும் நேரத்தில் கூடுதலாக ஒரு பிரதி ஓடும், அப்போது 110. சரியாகக் கூட்டம் வந்த நேரத்தில் டேட்டாபேஸ் கதவடைக்கும்.

பிரதிகளின் உச்ச எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டி, பூல் அளவால் (ஒரு பிரதி திறக்கும் அந்த 10) பெருக்குங்கள். 97-ஐத் தாண்டினால் பூலைக் குறையுங்கள், அல்லது பல பிரதிகளும் டேட்டாபேஸின் சில இணைப்புகளைப் பகிர்ந்துகொள்ள வைக்கும் பிஜிபவுன்சரை நடுவில் வையுங்கள்.

படி 6: புதுப் பதிப்பு

முதலில் யாமலில் ஸ்ட்ராட்டஜி பகுதியைப் பாருங்கள். எதுவும் எழுதாவிட்டால் மேக்ஸ்சர்ஜ், மேக்ஸ்அன்அவெய்லபிள் இரண்டும் 25 சதவீதம். 4 பிரதி என்றால் ஒன்று கூடலாம், ஒன்று குறையலாம். நான் குறைவதை 0 என்றும் கூடுவதை 1 என்றும் வைப்பேன். புதியது ஒன்று வந்து "தயார்" என்று சொன்ன பிறகே பழையது ஒன்று போகும். நேரம் சற்று அதிகம் பிடிக்கும், ஆனால் எந்த நொடியிலும் நான்கு பேர் வேலையில் இருப்பார்கள்.

இந்த யாமலை அப்ளை செய்துவிட்டு, 1.1 இமேஜைக் கட்டி ஏற்றி, யாமலில் டேக்கை மாற்றி மறுபடி அப்ளை கொடுங்கள். இன்னொரு ஜன்னலில் கெட் பாட்ஸை வாட்ச் விருப்பத்தோடு ஓட விடுங்கள். புதிய பாட் ஒன்று "பெண்டிங்" என்று எட்டிப் பார்க்கும். "கன்டெய்னர் கிரியேட்டிங்" ஆகும். "ரன்னிங்" ஆகும், ஆனால் ரெடி பத்தியில் 0/1 என்றே இருக்கும். படி 2-இல் எழுதிய முகவரியைக் குபர்நெட்டிஸ் தட்டிப் பார்க்கும் நேரம் அது. 1/1 ஆனதும் பழைய பாட் ஒன்று "டெர்மினேட்டிங்" ஆகும். இதே வரிசை நான்கு முறை.

டபிள்யூகெட் ஓடும் ஜன்னலில் 1.0, 1.0, 1.1, 1.0 என்று கலந்து வந்து, மெல்ல எல்லாம் 1.1 ஆகும். நடுவில் ஒரு பிழைகூட வரக் கூடாது. வந்தால் படி 2-க்குத் திரும்புங்கள். என் அனுபவத்தில் குற்றவாளி எப்போதும் அங்கேதான் இருந்தது.

படி 7: வேண்டுமென்றே ஒரு கெட்ட பதிப்பு

ரெடி முகவரி எப்போதும் 500, அதாவது பிழை, தரும்படி 1.2 கட்டி ஏற்றுங்கள். புதிய பாட் 0/1 என்றே நிற்கும், பழைய நான்கும் அசையாமல் வேலை பார்க்கும். வாடிக்கையாளருக்கு எதுவும் தெரியாது. 600 விநாடி கழித்து ரோல்அவுட் ஸ்டேட்டஸ் "காலக்கெடு தாண்டிவிட்டது" என்று சொல்லும், ஆனால் குபர்நெட்டிஸ் தானாகப் பின்வாங்காது. நீங்கள்தான் ரோல்அவுட் அன்டூ டெப்ளாய்மென்ட் கடை என்று கொடுக்க வேண்டும். யாமலிலும் 1.1 என்று திருத்திவிடுங்கள்.

படி 8: டேபிளை மாற்ற வேண்டி வந்தால்

அன்டூ புரோகிராமை மட்டும்தான் பின்னுக்கு எடுக்கும், டேட்டாபேஸைத் தொடாது. தவிர, படி 6-இல் கண்ணால் பார்த்தீர்களே, பழைய பதிப்பும் புதிய பதிப்பும் சில நிமிடம் சேர்ந்தே ஓடுகின்றன. ஆர்டர் டேபிளில் "தொலைபேசி" என்ற பத்தியை "கைபேசி" என்று ஒரே அடியாகப் பெயர் மாற்றினால், அந்த நிமிடமே பழைய பிரதிகள் எல்லாம் பிழை தரும்.

அதனால் தவணையில் செய்யுங்கள். முதலில் "கைபேசி" பத்தியைக் காலியாகவே சேருங்கள். பழைய புரோகிராமுக்கு அது இருப்பதே தெரியாது. அடுத்த பதிப்பு இரண்டு பத்தியிலும் எழுதட்டும், பழையதிலிருந்தே படிக்கட்டும். அது முழுதாக ஏறியதும் பழைய வரிகளின் எண்களை ஆயிரம் ஆயிரமாகப் புதுப் பத்திக்கு நகல் எடுங்கள். அதற்கடுத்த பதிப்பு புதியதிலிருந்து படிக்கட்டும், இரண்டிலும் எழுதுவதை நிறுத்த வேண்டாம். சில நாள் ஓடி நம்பிக்கை வந்த பிறகு பழையதில் எழுதுவதை நிறுத்தி, கடைசியாக அந்தப் பத்தியை நீக்குங்கள். பழைய பத்தி "காலியாக இருக்கக் கூடாது" என்ற கட்டுப்பாட்டோடு இருந்தால், எழுதுவதை நிறுத்தும் முன் அதைத் தளர்த்த மறக்காதீர்கள்.

படி 9: எண்ணிக்கையைத் தானாக ஏறி இறங்க விடுதல்

பிரதிகளின் சிபியு பயன்பாட்டை அளக்க, மினிகியூப் ஆடான்ஸ் எனேபிள் மெட்ரிக்ஸ் சர்வர் கொடுங்கள். டெப்ளாய்மென்டில் ஒரு பிரதிக்கு எவ்வளவு சிபியு வேண்டும் என்று ரிக்வெஸ்ட்ஸ் பகுதியில் எழுதுங்கள், அது இல்லாமல் சதவீதக் கணக்கு ஓடாது. பிறகு கியூப்சிடிஎல் ஆட்டோஸ்கேல்: குறைந்தது 3, அதிகம் 8, சிபியு இலக்கு 60 சதவீதம். 4 பிரதிகள் சராசரி 90 சதவீதத்தில் திணறினால் 4 பெருக்கல் 90 வகுத்தல் 60, அதாவது 6 பிரதி ஆகும். 15 விநாடிக்கு ஒரு முறை இந்தக் கணக்கு நடக்கும். ஏறுவது சீக்கிரம் நடக்கும். இறங்குவதற்கு முன் 5 நிமிடம் பொறுத்துப் பார்க்கும், எனவே கூட்டம் கலைந்தும் எண்ணிக்கை குறையவில்லையே என்று பதற வேண்டாம்.

இதைச் செய்த பிறகு யாமலில் இருக்கும் ரெப்ளிகாஸ் வரியை எடுத்துவிடுங்கள். விட்டுவைத்தால், கூட்டத்துக்காக 7 பிரதி ஓடும் நேரத்தில் நீங்கள் புதுப் பதிப்பை அப்ளை செய்யும்போது அது 4-க்கு இறங்கிவிடும். வரியை எடுக்கும் அந்த அப்ளையே எண்ணிக்கையைத் தற்காலிகமாக ஒன்றாக்கக்கூடும் என்பதால், அதை மட்டும் கூட்டமில்லாத நேரத்தில் செய்யுங்கள்.