வேலையை விட்ட பிறகும் தொடரும் இரகசியக் காப்புக் கடமை

பணி ஒப்பந்தம் முடிந்துவிட்டால் அதிலுள்ள கட்டுப்பாடுகள் எல்லாமே முடிந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். இது ஆபத்தான நம்பிக்கை. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆவது பிரிவின்படி, விலகிய பிறகு போட்டி நிறுவனத்தில் சேரக் கூடாது என்ற நிபந்தனை பொதுவாகச் செல்லாது. ஆனால் பழைய நிறுவனத்தின் வணிக இரகசியங்களை வெளியிடக் கூடாது என்ற கடமை வேறு வகையைச் சேர்ந்தது. அது வேலை முடிந்த பிறகும் நிலைக்கும், ஒப்பந்தத்தில் எழுதப்படாதபோதும் நம்பிக்கை மீறல் என்ற அடிப்படையில் நீதிமன்றம் தடையாணை வழங்க இடமுண்டு. வழக்கறிஞர் அலுவலகம் ஒன்றிலிருந்து விலகியவர்கள் எடுத்துச் சென்ற கணினிக் கோப்புகளைப் பயன்படுத்த டெல்லி உயர் நீதிமன்றம் 2006-இல் தடை விதித்தது.

அனுபவத்தால் நீங்கள் பெற்ற திறமையும் பொதுவான தொழிலறிவும் உங்களுடையவை. அவற்றை யாரும் பறிக்க முடியாது. விலைக் கணக்கீட்டுத் தாளும், தயாரிப்புக் கலவையின் அளவுகளும், வாடிக்கையாளர்களின் தேவைகளைக் குறித்து வைத்த பட்டியலும் அப்படியல்ல.

ஆகவே விலகல் கடிதம் கொடுக்கும் முன், "ஒப்பந்தம் முடிவுற்ற பின்னரும்" என்று தொடங்கும் உட்பிரிவைத் தேடி, அதன் கால அளவைப் படித்துப் பாருங்கள். வசதிக்காகச் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பிக்கொண்ட கோப்புகள்தாம் பெரும்பாலும் வம்பில் மாட்டிவிடும். அவற்றை நிறுவனத்திடம் தெரிவித்து, அவர்கள் சொல்லும் முறையில் ஒப்படைத்தோ அழித்தோ, எழுத்துப்பூர்வமான ஒப்புகையைப் பெற்றுக்கொள்ளுங்கள்.